எல்லாம் பாலிஷ் வாடைதான்

காலை ஆறே முக்காலுக்கு ஒரு மாத்திரை. அதை அரை டம்ளர் தண்ணீரில் போட்டு, கரண்டியால் கலக்கி, பாலிஷ்காரரின் கையில் கொடுப்பாள் அவர் மனைவி. குடித்துவிட்டு அவர் காலி டம்ளரைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். பிறகு வாயைத் திறந்து காட்ட வேண்டும். பிறகு நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். கடைசியாக, இரண்டு நிமிடம் பேச வேண்டும்.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும்தான் டாக்டர் சொல்லியிருந்தார். மற்றதெல்லாம் அவள் தானாகச் சேர்த்துக்கொண்டது. கன்னத்தில் எதையாவது ஒதுக்கிக்கொண்டு எந்த மனிதனாலும் இரண்டு நிமிடம் தெளிவாகப் பேச முடியாது என்பது அவள் முடிவு.

"ம், பேசுங்க."

"என்ன பேசறது?"

"எதையாவது. பன்னிரண்டு வருஷமா சாயந்திரம் ஏழு மணிக்கு மேல நிறுத்தாம பேசினீங்களே, அதையெல்லாம் யாரு எழுதிக் குடுத்தாங்க?"

முதல் வாரம் அவர் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துத் தேதிகளை ஒப்பித்தார். இரண்டாம் வாரம் செய்தித்தாளில் வந்த 'வீடு வாடகைக்கு' விளம்பரங்களை வாசித்தார். அதுவும் அலுத்துப்போகவே, அன்றைக்குப் பட்டறையில் என்ன வேலை என்று சொல்ல ஆரம்பித்தார். எந்த மேசைக்கு எத்தனை கால், எந்தக் காலில் என்ன கோளாறு, எந்த மரம் உப்புத்தாளுக்கு மசியும், எது முரண்டு பிடிக்கும் என்று ஒவ்வொன்றாக வந்தது. அவள் காலண்டரில் அந்தத் தேதிக்கான கட்டத்தில் அதை ஒரு வரியாகக் குறித்துக்கொண்டு, மாலையில் அவர் உடம்பு எப்படி இருந்தது என்பதையும் அதன் கீழே எழுதிவைப்பாள். தலைவலி, மயக்கம் எதுவானாலும் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் டாக்டர். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில், கணவர் பகலில் என்ன செய்கிறார் என்று அவளுக்கு முழுசாகத் தெரியவந்தது அந்த மாத்திரையால்தான்.

மாத்திரை வரைக்கும் விஷயம் போனதற்கு ஒரு சாப்பாட்டு மேசை காரணம்.

பாலிஷ்காரர் வேலை பார்ப்பது அவருடைய மைத்துனரின் மரச்சாமான் பட்டறையில். மனைவியின் அண்ணன்தான் முதலாளி. கை சுத்தமான வேலைக்காரர், வாய்தான் சுத்தமில்லை. ஒரு நாள் மத்தியானமே ஏற்றிக்கொண்டு வந்தவர், கவிழ்த்துப் போட்டிருந்த மேசையைக் கவிழ்ந்திருப்பதாகவே நினைக்காமல், அதன் அடிப்பக்கத்துக்கு நாலு பூச்சு பாலிஷ் போட்டுக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டார். மேல்பக்கம் அறுத்த மரம் அறுத்தபடி. வாங்க வந்தவர் மேசைக்கடியில் குனிந்து தன் முகத்தையே பார்த்துவிட்டு, "வேலை பிரமாதம். நாங்க கீழ உக்காந்து சாப்பிடணும்னா மட்டும் கொஞ்சம் கஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு மைத்துனர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பாலிஷ்காரர் பழகிய பாதையில் சமாளித்திருப்பார். மைத்துனர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நிதானமாகச் சொன்னார்: "மாப்ளே, இன்னும் ஒரே ஒரு தடவை. அதுக்கப்புறம் நீங்க பட்டறைக்கு வர வேண்டாம். பாப்பாவையும் நான் என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். அவகிட்டயும் பேசிட்டேன். சரின்னுட்டா."

அந்தக் கடைசி வார்த்தைதான் பாலிஷ்காரரை உலுக்கியது. பாப்பா என்று அண்ணன் கூப்பிடும் அவர் மனைவி சரி என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை அவரே மனைவியையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். முகப்பு மேசையில் இருந்த குமாஸ்தா ஊருக்கே கேட்கும் குரலில் விவரம் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். அவர்களுக்கு முன்னால் நின்றவர் பாங்க் அதிகாரி. பின்னால் நின்றவர் கணக்கு வாத்தியார். "என்ன பிரச்சினை?" என்றார் குமாஸ்தா. "குடி" என்றார் பாலிஷ்காரர். "என்ன வேலை?" அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "ஃபர்னிச்சர் கம்பெனியில மேனேஜர்."

பாலிஷ்காரர் அவளைப் பார்த்தார். அவள் மின்விசிறியைப் பார்த்தாள். குமாஸ்தா எழுதிவிட்டார்.

இந்த மாத்திரையை எடுக்கும்போது கொஞ்சம் மது உள்ளே போனாலும் முகம் சிவந்துவிடும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், குடலைப் புரட்டி வாந்தி வரும், சில பேருக்கு ஆபத்தாகவும் முடியும் என்று டாக்டர் விளக்கினார். ஆசை வந்தாலும் பயம் பிடித்து நிறுத்தும் என்றார். சட்டைப்பையில் வைத்துக்கொள்ள ஒரு அட்டையும், மது கலந்த வீட்டுப் பொருள்களின் பட்டியல் ஒன்றும் தந்தார். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மனைவி வீட்டைச் சல்லடை போட்டுச் சலித்தாள். இருமல் மருந்து போயிற்று. வாய் கொப்பளிக்கும் மருந்து போயிற்று. சவரத்துக்குப் பிறகு பூசும் தண்ணீர் போயிற்று. அண்ணி ஆசையாகக் கொடுத்த சென்ட் பாட்டில் போனபோது மட்டும் ஒரு நிமிடம் நின்று முகர்ந்துவிட்டுப் போட்டாள். பட்டியலைத் தயாரித்தவர்கள் மேனேஜர்களை மனத்தில் வைத்துத் தயாரித்திருந்தார்கள் போலிருக்கிறது. பாலிஷ் என்ற சொல் அதில் இல்லை.

ஆக, வீட்டில் ஒரு சொட்டு இல்லாமல் துடைத்தாயிற்று. ஆனால் பட்டறையில் பாலிஷ்காரர் நாள் முழுக்கக் கட்டிக்கொண்டு அழும் சாமான் எது? அஞ்சு லிட்டர் தகர டின். அதற்குள் ஸ்பிரிட்; குடிக்கக் கூடாதபடி ஆக்கிய சாராயம். அரக்குச் செதிலை அதில் ஊறவைத்துக் கரைத்து, பஞ்சைத் துணியில் சுற்றி, அதில் தோய்த்துத் தோய்த்து மரத்தில் தேய்ப்பதுதான் அவர் தொழில். இந்தத் தொழிலின் ஒரு பெரிய வசதி, பன்னிரண்டு வருடமாக அவரைக் காப்பாற்றிவந்த வசதி, அந்த வாடைதான். ராத்திரி தள்ளாடிக்கொண்டு வந்தாலும், "என்னங்க வாடை இது?" என்று மனைவி கேட்டால், கண்ணை அகல விரித்து, "பாலிஷ் வாடைம்மா" என்பார். மைத்துனர் கேட்டாலும் அதே பதில். பட்டறையில் அது ஒரு நிரந்தர வேடிக்கையாகவே ஆகிவிட்டது. யாராவது வேலைக்குத் தாமதமாக வந்தால்கூட, "ஏன் லேட்டு?" "பாலிஷ் வாடைங்க" என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

முதல் மூன்று வாரம் ஒரு வம்பும் இல்லை. ஒரு அலுவலகத்துக்குப் பதினாலு பேர் உட்காரும் கூட்ட மேசையும் பதினாலு நாற்காலியும் மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். மூன்று வாரமும் வெறும் உப்புத்தாள் வேலை, மெழுகு அடைக்கும் வேலை. நாலாவது வாரம் முதல் பூச்சு ஆரம்பித்தது; திறந்த முற்றத்தில், காற்றோட்டமாக. அன்றைக்கு மாலை அவருக்கு லேசான தலைவலி. அவள் எழுதிவைத்தாள். மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. ஈரக் காற்று பட்டால் பாலிஷ் வெளுத்துப் பால் படிந்த மாதிரி ஆகிவிடும். ஆகவே மேசையை உள் அறைக்குள் தள்ளி, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தி, இடுக்குகளில் சாக்கைத் திணித்து, இரண்டாம் பூச்சைத் தொடங்கினார்.

அரை மணி நேரம் கழித்துக் காது சூடாயிற்று. பிறகு கழுத்து. நெஞ்சுக்குள் யாரோ சுத்தியல் எடுத்து ஆணி அடிக்கத் தொடங்கினார்கள். மேசையின் பளபளப்பில் தன் முகம் செங்கல் நிறத்தில் தெரிந்தபோது, அரக்கின் நிறம்தான் அப்படிக் காட்டுகிறது என்று நினைத்தார். அடுத்த நிமிடம் மரத்தூள் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காலையில் சாப்பிட்டதை எல்லாம் அதில் ஒப்படைத்தார்.

சத்தம் கேட்டு முதலில் வந்தவர் தச்சர். அடுத்து மைத்துனர்.

"ஊதுங்க மாப்ளே."

ஊதினார். அவர் ஊத வேண்டிய அவசியமே இல்லை. அறை முழுக்க ஸ்பிரிட்தான் மணந்தது. கை, சட்டை, தலைமுடி எல்லாம் அதே வாடை.

"சத்தியமா குடிக்கல மச்சான். இது பாலிஷ் வாடை."

தச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனாலும் தோள் குலுங்கியது. "அண்ணே, அந்தப் பாட்டு தேஞ்சு போச்சு. புதுசா ஒண்ணு எடுத்து விடுங்க."

பாலிஷ்காரருக்கு அழுகை வந்தது. பன்னிரண்டு வருடமாக, பொய்யாகச் சொன்னபோதெல்லாம் பாதிப் பேராவது நம்பினார்கள். முதல் தடவையாக அது உண்மை, ஒருத்தர் நம்பவில்லை.

மைத்துனர் கோபத்திலும் காரியத்தில் கண்ணாக இருக்கும் மனிதர். பாலிஷ்காரரின் சட்டைப்பையிலிருந்து டாக்டர் தந்த அட்டையை எடுத்துப் படித்தார். 'முகம் சிவந்து வாந்தி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்து வரவும்.' சாமான் ஏற்றும் வேனில் அவரைத் தூக்கி உட்காரவைத்து, வழியில் வீட்டு வாசலில் நிறுத்தித் தங்கையையும் ஏற்றிக்கொண்டார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள். ஒன்றும் கேட்காமல் திரும்ப வீட்டுக்குள் ஓடி, சுவரிலிருந்த காலண்டரை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்து ஏறினாள்.

முன்சீட்டில் மூன்று பேர். நடுவில் பாலிஷ்காரர்.

"பாப்பா, வந்ததும் பெட்டியைக் கட்டு" என்றார் மைத்துனர் சாலையைப் பார்த்தபடி.

"முதல்ல பொழைக்கட்டும் அண்ணா."

"நான் குடிக்கலம்மா" என்றார் பாலிஷ்காரர்.

"பேசாம வாங்க. காலையில பேசினது போதும்."

"காலையில சொன்னேனே, ஜன்னலைச் சாத்திட்டு ரெண்டாம் பூச்சுன்னு..."

அவள் மடியிலிருந்த காலண்டரை ஒரு தரம் திருப்பிப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, கையில் ஊசி குத்தித் தண்ணீர் ஏற்றி, மூக்கில் காற்றுக்குழாய் வைத்தார்கள். ஸ்பிரிட் ஊறிய சட்டையைக் கழற்றி வாசலுக்கு வெளியே போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் செங்கல் நிறம் வடிந்தது. டாக்டர் ஒரு சின்னக் கருவியை நீட்டி ஊதச் சொன்னார். எண்ணைப் பார்த்தார். மறுபடி ஊதச் சொன்னார். மறுபடி பார்த்தார்.

"குடிச்ச ஆளுக்கு இவ்வளவு கம்மியா வராதே. இன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க, எதைத் தொட்டீங்க, ஒவ்வொண்ணாச் சொல்லுங்க." கேட்டுக்கொண்டே கோப்பைப் புரட்டினார். "மேனேஜர் வேலைதானே? ஆபீஸ்ல உக்காந்துதானே இருக்கீங்க?"

மைத்துனர் சுற்றுமுற்றும் பார்த்தார். "மேனேஜரா? யாரு டாக்டர்?"

"இவர்தான். எழுதியிருக்கே."

"எங்க கம்பெனிக்கு மேனேஜரே கிடையாது டாக்டர். நானே காலையில கூட்டிப் பெருக்கறேன்."

மனைவி மறுபடியும் மின்விசிறியைப் பார்த்தாள். பாலிஷ்காரர் அவளைப் பார்த்தார். காதோரம் சிவந்திருந்தது, மாத்திரை சாப்பிட்டவர் அவரா அவளா என்று சந்தேகம் வரும்படி. அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. பன்னிரண்டு வருடத்தில் அவளை மடக்க அவருக்குக் கிடைத்த முதல் சந்தர்ப்பம் அது. அவர் மூக்குக்குழாயைச் சற்று விலக்கிக்கொண்டு சொன்னார்:

"நான்தான் டாக்டர் அப்படி எழுதச் சொன்னேன். கௌரவத்துக்காக."

பொய் சொல்வதில் அவருக்கு நல்ல அனுபவம். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"இல்ல டாக்டர்." அவள் மின்விசிறியிலிருந்து கண்ணை இறக்கினாள். "நான்தான் சொன்னேன். ஒரு பக்கம் குடின்னு எழுதறாங்க. பக்கத்துல மேனேஜர்னு இருந்தா கொஞ்சம் தாங்கும்னு நினைச்சேன். இவர் பாலிஷ் போடறவர். நாள் பூரா ஸ்பிரிட்லதான் கை இருக்கும்." காலண்டரை நீட்டினாள். "எல்லாம் இதுல எழுதியிருக்கேன்."

டாக்டர் வாங்கிப் படித்தார். உப்புத்தாள், நலம். உப்புத்தாள், நலம். நாற்காலிக் கால் தேய்ப்பு, நலம். மேசை முதல் பூச்சு, முற்றத்தில்: தலைவலி. கடைசிக் கட்டத்தில் காலையில் எழுதியது: இரண்டாம் பூச்சு, மழை, ஜன்னல் சாத்தி.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, வீட்டுல இருமல் மருந்தைக்கூடத் தூக்கிப் போட்டதாச் சொன்னீங்க."

"ஆமா டாக்டர்."

"சென்ட்டு?"

"அதையும்."

"இவரை அஞ்சு லிட்டர் ஸ்பிரிட்டோட ஒரு ரூம்ல பூட்டி வச்சிருக்கீங்க. ஆவியா மூக்கு வழியாப் போனாலும் உடம்புக்கு ஒண்ணுதான். இந்த மாத்திரை இவர் தொழிலுக்கு ஆகாது. முதல் நாளே தெரிஞ்சிருந்தா நான் எழுதியே இருக்க மாட்டேன்."

மைத்துனர் மெல்லப் பாலிஷ்காரரின் பக்கம் வந்து நின்றார்.

"அப்ப நெசமாவே பாலிஷ் வாடையா மாப்ளே?"

"அதைத்தானே மச்சான் நானும் சொல்லிட்டிருக்கேன்."

"நீங்க பன்னிரண்டு வருஷமா சொல்லிட்டிருக்கீங்க. எந்த நாள்லேருந்து எடுத்துக்கறதுன்னுதான் தெரியல."

டாக்டர் வேறொரு மாத்திரை எழுதினார். இது குடிக்கும் ஆசையைத் தணிக்கிற வகை என்றார். பழைய மாத்திரையின் வேலை இன்னும் இரண்டு வாரம் உடம்பில் இருக்கும். ஒரு மாதம் ஸ்பிரிட் பக்கமே போக வேண்டாம் என்றார். வாராவாரம் வந்து பேசிவிட்டுப் போகவும் சொன்னார்.

மனைவி சீட்டை வாங்கிக்கொண்டு அவசரமாகக் கேட்டாள். "இதைப் போட்டுட்டுக் குடிச்சா வாந்தி வருமா டாக்டர்?"

"வராது."

"மூஞ்சி சிவக்குமா?"

"சிவக்காது."

"அப்போ குடிச்சாரா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அவரைக் கேளுங்க" என்றார் டாக்டர்.

அவள் மருந்துச் சீட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் வேறு ஏதாவது வழி எழுதியிருக்கிறதா என்று.

பெட்டி கட்டப்படவில்லை. ஆனால் அண்ணனிடம் சரி என்று சொன்ன அன்றைக்கே அவள் பரணிலிருந்து இறக்கிய பெட்டி மறுபடி பரணில் ஏறவும் இல்லை. கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. பாலிஷ்காரர் தினமும் அதைச் சுற்றிக்கொண்டு போய்த்தான் செருப்பு மாட்ட வேண்டியிருந்தது.

கூட்ட மேசைக்கு இன்னும் இரண்டு பூச்சு பாக்கி. பதினாலு நாற்காலி மொத்தமும் பாக்கி. வெளியாளைக் கூப்பிட்டால் பூச்சு ஒட்டாது, நிறம் மாறும். அலுவலகத்தாரிடம் கெஞ்சி மேலும் மூன்று வாரம் தவணை வாங்கிக்கொண்டு மைத்துனரே சட்டையை மடித்துவிட்டு இறங்கினார். பாலிஷ்காரர் முற்றத்தின் மறுகோடியில், வேலியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்தே பயிற்சி கொடுத்தார்.

"மச்சான், வட்டமா. வட்டமாப் போங்க."

"வட்டமாத்தான்யா போறேன்."

"அது வட்டமா? உருளைக்கிழங்கு மாதிரி இருக்கு. பஞ்சை நிறுத்தாதீங்க, நிறுத்தினா ஒட்டிக்கும். ஒட்டிக்கிச்சா?"

"ஒட்டிக்கிச்சு."

"தேய்ங்க. முதல்லேருந்து."

தச்சர் வேலையை விட்டுவிட்டு இதைப் பார்ப்பதற்கென்றே வாசலில் வந்து நிற்பார்.

புது மாத்திரையை விழுங்கினால் போதும். கரைக்க வேண்டாம், கலக்க வேண்டாம், கவிழ்த்துக் காட்ட வேண்டாம். ஆனால் பேச்சு மட்டும் நிற்கவில்லை. பதினேழாம் நாள் காலையில் அவர் மாத்திரையை விழுங்கிவிட்டுக் காலி டம்ளரை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"ம்?" என்றாள் அவள்.

"நேத்து சாயந்திரம் கடை வாசல்ல நின்னேன்."

அவள் கையிலிருந்த பென்சில் அப்படியே நின்றது. "எவ்வளவு நேரம்?"

"நாலு நிமிஷம் இருக்கும். முன்ன மாதிரி பிடிச்சு இழுக்கல. சும்மா கால் நின்னுடுச்சு. உள்ள நம்ம ஆளுங்க ரெண்டு பேரு கையாட்டினாங்க. நானும் ஆட்டினேன். வந்துட்டேன்."

"உள்ள போகல?"

"போகல."

பழைய மாத்திரையாக இருந்தால் அவள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். இப்போது பார்த்தாலும் அதில் வெறும் முகம்தான் இருந்தது. அவள் கிட்டே வந்து முகர்ந்தும் பார்க்கவில்லை. காலண்டர் கட்டத்தில் 'நாலு நிமிடம், போகவில்லை' என்று எழுதினாள். எழுதிவிட்டுக் கேட்டாள், "நாற்காலி எத்தனை முடிஞ்சுது?"

அன்று மாலை இருட்டுவதற்குள் ஃபோன் அடித்தது. மைத்துனர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி இருந்தது.

"மாப்ளே, ஒரு உதவி. இன்னிக்கு ஆறு நாற்காலி முடிச்சுட்டு அப்படியே வீட்டுக்கு வந்தேன். உங்க தங்கச்சி வாசல்லயே நிறுத்தி வச்சிருக்கா. ரெண்டு வாரமா இதே வாடையாம். பாலிஷ் வாடைன்னு சொல்றேன், கேக்க மாட்டேங்கறா. அந்த வார்த்தையைச் சொன்னாலே ஜாஸ்தி கோவம் வருது. நீங்க கொஞ்சம் சொல்லுங்க."

ஃபோன் கை மாறியது. மைத்துனரின் மனைவி சுற்றி வளைக்கவில்லை. "அண்ணே, மறைக்காமச் சொல்லுங்க. இவர் குடிச்சாரா?"

பாலிஷ்காரர் எழுந்து நின்றுகொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இல்லம்மா. காலையிலேருந்து நான் எதிர்லயே உக்காந்திருந்தேன். அது பாலிஷ் வாடைதான்."

"பாப்பாகிட்ட ஃபோனைக் குடுங்க" என்றது குரல்.

அவர் மனைவியிடம் நீட்டினார். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிக் காதில் வைத்தாள். கேட்டாள். கணவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவரே சொல்றாரா? அப்படின்னா சரியாத்தான் இருக்கும் அண்ணி. அண்ணனை உள்ள விடுங்க."

ஃபோனை வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல, கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த பெட்டியின் ஒரு கைப்பிடியைப் பிடித்தாள்.

"நின்னுட்டே இருக்கீங்களே. அந்தப் பக்கம் பிடிங்க, பரண்ல ஏத்தணும். தினம் காலை இடிக்குது."